கழுவினால் போதுமா, கிருமியும் நீக்க வேண்டுமா? வீட்டுப் பாத்திரங்களுக்கு ஓர் ஒப்பீடு

பாத்திரத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, கவிழ்த்து வைத்தால் போதுமா? இல்லை, வெந்நீரில் போட்டோ மருந்து கலந்த தண்ணீரில் முக்கியோ கிருமியைத் தனியாகக் கொல்லவும் வேண்டுமா? கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது சில நாள் சண்டையாகவே மாறிவிடும். பாட்டி எல்லாவற்றையும் கொதிக்க வைக்கச் சொல்வார். மகள் இணையத்தில் பார்த்த கிருமிநாசினியை வாங்கி வைத்திருப்பாள். மருமகன் டிஷ்வாஷர் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்பார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடம் சாப்பிடும் தட்டு, டம்ளர், ஸ்பூனுக்கு நன்றாகத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலசி, ஈரம் போகக் காயவைத்தால் போதும். கிருமி நீக்கும் வேலையைச் சில பொருள்களுக்கும் சில நாள்களுக்கும் மட்டும் ஒதுக்குங்கள். ஒதுக்கிய இடத்தில் அதை முழுசாகச் செய்யுங்கள். நான் பார்த்தவரை பல வீடுகளில் உழைப்பு தப்பான இடத்தில் போகிறது. தட்டுக்கு விலையுயர்ந்த திரவம் ஊற்றுகிறார்கள். பச்சைக் கோழி நறுக்கிய பலகையை ஒரு தடவை தண்ணீர் காட்டி நிமிர்த்தி வைத்துவிடுகிறார்கள்.

ஒன்று அகற்றுகிறது, ஒன்று கொல்கிறது

சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெயோடு ஒட்டும். சாம்பார்ப் பாத்திரத்தின் ஓரத்தில் படிந்த எண்ணெயை அது சுற்றி வளைத்துப் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போகிறது. அந்த எண்ணெயிலும் பருப்புப் பசையிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவும் சேர்ந்தே போய்விடுகிறது. சில கிருமிகளின் மேலுறையைச் சோப்பு உடைக்கவும் செய்யும். ஆனால் அதன் முதன்மையான வேலை கொல்வது இல்லை, இடத்தைக் காலி செய்வது. அதனால்தான் தேய்ப்பதும் அலசுவதும் சோப்பின் பிராண்டைவிட முக்கியம். நுரை மட்டும் தடவி அலசிய தட்டைவிட, சபீனாத் தூளும் தேங்காய் நாரும் போட்டு அழுத்தித் தேய்த்த தட்டு சுத்தமானது.

கிருமி நீக்கம் வேறு கணக்கு. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. உணவகங்களுக்கு வைத்திருக்கும் விதித்தொகுப்பில் இதற்குத் தெளிவான அளவு உண்டு. பாத்திரத்தின் மேல் 1 லட்சம் பாக்டீரியா இருந்தால், வேலை முடிந்தபின் ஒன்றுதான் மிஞ்சலாம். அதாவது 99.999 சதவீதம். கையால் கழுவும் இடத்தில் அதை எட்ட அந்தத் தொகுப்பு சொல்லும் ஒரு வழி, 77 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருக்கும் தண்ணீரில் 30 வினாடி முழுக்க மூழ்கியிருக்க வேண்டும் என்பது.

இந்த 77 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். கையால் தாங்கக்கூடிய சூடு ஏறக்குறைய 45 டிகிரிதான். 60 டிகிரித் தண்ணீர் சில வினாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். ஆக, கீஸர் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கையால் பாத்திரம் தேய்த்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. கை தாங்கும் சூடு கிருமியும் தாங்கும் சூடுதான். வெதுவெதுப்பான தண்ணீருக்கு வேறு பயன் இருக்கிறது. நெய்யும் ஆட்டுக் கொழுப்பும் அதில் இளகிச் சீக்கிரம் விட்டுப் போகும். பிரியாணி அண்டாவைப் பச்சைத் தண்ணீரில் தேய்த்தவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

இரண்டில் எது முதலில் என்பதில் மட்டும் விவாதமே கிடையாது. கழுவாமல் கிருமி நீக்க முடியாது. குளோரின் கலந்த தண்ணீரில் சோற்றுப் பருக்கையும் குழம்பும் ஒட்டிய பாத்திரத்தைப் போட்டால், குளோரின் அந்த உணவோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது. வெந்நீரிலும் அதே கதைதான். காய்ந்து இறுகிய பிசுக்கின் அடியில் இருக்கும் பாக்டீரியாவுக்கு அந்தப் பிசுக்கே கவசம். அதனால் வீட்டில் எடுக்க வேண்டிய முடிவு, கழுவிய பிறகு இன்னொரு படி தேவையா இல்லையா என்பது மட்டும்தான்.

அடுத்து அது அடுப்பேறுமா?

முடிவெடுக்க நான் கேட்கும் கேள்வி இது. குக்கர், வாணலி, இட்லித் தட்டு, பால் காய்ச்சும் பாத்திரம் எல்லாம் அடுத்த சமையலில் எப்படியும் கொதிக்கப் போகின்றன. வெயிட் போட்ட குக்கருக்குள் சூடு 120 டிகிரியை ஒட்டிப் போகும். மருத்துவமனைகளில் கருவிகளைச் சுத்தப்படுத்தும் ஆட்டோகிளேவின் சூடும் ஏறக்குறைய அதுதான். அந்தக் குக்கரைக் கழுவிய பிறகு தனியாக வெந்நீரில் அலசுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

தட்டும் டம்ளரும் அடுப்பேறுவதில்லை. ஆனால் அவற்றில் பட்டது வெந்த சாப்பாடும் வீட்டாரின் எச்சிலும்தான். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும் நாளில் அந்த எச்சிலில் வீட்டாருக்குப் புதிதாக எதுவும் இல்லை. ஒரே அறையில் தூங்கி, ஒரே துண்டில் கை துடைத்து, ஒரே கிண்ணத்து ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிடும் மனிதர்கள் இவர்கள். உணவகம் அப்படி இல்லை. அங்கே முன்பின் தெரியாத நூறு பேர் ஒரே டம்ளரை மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள். அதனால்தான் கிருமி நீக்கும் விதி அங்கே இருக்கிறது. டீக்கடையில் கண்ணாடி டம்ளரை வெந்நீர் வாளியில் முக்கி எடுப்பதும் அந்த நோக்கத்தில்தான். ஆனால் அந்த வாளி ஆறிப் போயிருந்தால், முந்தின இருபது டம்ளரின் டீயும் அதில் கலந்திருந்தால், நோக்கம் மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொரு பக்கம் பச்சை இறைச்சியும் மீனும் பட்ட பொருள்கள். பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற, வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியாக்கள் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கோழி வெந்துவிடும், அதோடு அவையும் சாகும். கோழியை நறுக்கிய பலகை வேகாது. அதே பலகையில் பத்து நிமிடம் கழித்துத் தயிர்ப் பச்சடிக்கு வெங்காயமும் வெள்ளரியும் நறுக்குவீர்கள், அவையும் வேகாது. பச்சையிலிருந்து பச்சைக்கு, நடுவில் தீயே படாமல் போகும் இந்தப் பாதைதான் சமையலறையில் நான் பயப்படும் பாதை. பலகை, கத்தி, அரிவாள்மனை மூன்றையும் சோப்பால் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமியும் நீக்க வேண்டும். முடிந்தால் கறிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை என்று பிரித்துவிடுங்கள். இந்தப் பட்டியலில் மிக மலிவான வழி அதுதான்.

அரிவாள்மனையில் கவனிக்க வேண்டிய இடம் அலகு மரத்தில் இறங்கும் பொருத்து. மீன் செதிலும் இரத்தமும் அங்கே இறங்கித் தங்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொண்டு தேய்த்து, அலகிலும் பொருத்திலும் கொதிநீரைச் சிறு தாரையாக, நிதானமாக ஊற்றுங்கள். பிறகு வெயிலில் சாய்த்து வையுங்கள். மரத்தில் ஈரம் நின்றால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

கோழியை மஞ்சள் தூள் போட்டு நாலு தண்ணீரில் அலசுவது நம் வழக்கம். அதை விடுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. குறைந்தது குழாயைப் பீய்ச்சி விடாமல், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து அதற்குள் வைத்து மெதுவாக அலசுங்கள். தெறிக்கும் துளிகள் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் கழுவிய டம்ளர் வரை போகும். கோழி அலசிய நாளில் தட்டைவிட சிங்க்குக்கும் குழாய்த் திருகுக்கும்தான் கிருமி நீக்கம் தேவை.

கழுவியும் கழுவாத இடங்கள்

கழுவினால் போதும் என்று சொன்னேன். சில பொருள்களில் கழுவுவது உண்மையில் நடப்பதில்லை. மிக்ஸி ஜாரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சுழலும் கப்ளரைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். அரைத்த தேங்காய் கசிந்து அங்கே போய்ப் பழுப்பாக இறுகியிருக்கும். உள்ளே பிளேடுக்குக் கீழே இன்னொரு இடுக்கு. தேங்காய், வேர்க்கடலை, புரதமும் கொழுப்பும் நிறைந்த விழுது, நாள் முழுக்க ஈரம். பாக்டீரியாவுக்கு வேறென்ன வேண்டும்? அரைத்து முடித்ததும் ஜாரில் பாதி வெதுவெதுப்பான தண்ணீரும் இரண்டு சொட்டு டிஷ்வாஷ் திரவமும் விட்டு அரை நிமிடம் ஓட்டுங்கள். பிறகு பிரஷ். பிறகு மூடியைத் திறந்தே கவிழ்த்து வையுங்கள். சட்னி அரைக்கும் ஜார் என்றால் இதைத் தினமும் செய்ய வேண்டும். ஏனென்றால் தேங்காய்ச் சட்னி வேகாது.

டிபன் பாக்ஸ் மூடியின் ரப்பர் வளையமும், பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் ஸ்ட்ராவும், பிளாஸ்கின் கார்க்கும் இதே வகைதான். வளையத்தைக் கழற்றாமல் கழுவினால் மூடியைக் கழுவியதாக அர்த்தமில்லை. கறுப்பாகப் புள்ளி விழுந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

பிறகு ஸ்பாஞ்ச். 2017-இல் ஜெர்மனியில் சமையலறை ஸ்பாஞ்சுகள் 14 எடுத்து ஆராய்ந்தார்கள். நெருக்கமாக இருந்த இடங்களில் 1 கன சென்டிமீட்டருக்குள் 5,000 கோடிக்கும் மேல் பாக்டீரியா இருந்தது. அவற்றில் எல்லாமே நோய் தருபவை இல்லை. என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அவ்வப்போது கிருமி நீக்கி வந்ததாகச் சொன்ன வீடுகளின் ஸ்பாஞ்சிலும் எண்ணிக்கை குறைவாக இல்லை. சாகாமல் தப்பியவை அந்தத் துளைகளுக்குள் மறுபடி பெருகிவிடுகின்றன. ஆகவே ஸ்பாஞ்சைக் காப்பாற்ற முயலாமல் அடிக்கடி தூக்கி எறியுங்கள். பிளாஸ்டிக் வலை ஸ்க்ரப்பரோ, கம்பி நாரோ, தேங்காய் நாரோ சீக்கிரம் காயும். காய்வதுதான் அவற்றின் பலம். தினமும் வெட்டி எடுத்துத் தூக்கிப் போட்ட அந்தக் காலத்துத் தேங்காய் நாருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

தட்டு துடைக்கும் துணிக்கும் இதையே சொல்வேன். அழகாகத் தேய்த்த தட்டை, காலையிலிருந்து மேடை துடைத்த ஈரத்துணியால் துடைப்பது கழுவிய வேலையைத் திருப்பி எடுப்பது. கூடையில் சாய்த்துவைத்துக் காற்றில் காயவிடுங்கள். உணவக விதிகளும் கிருமி நீக்கிய பாத்திரத்தைத் துணியால் துடைக்காமல் காற்றில் காயவைக்கச் சொல்கின்றன.

கொல்ல வேண்டுமென்றால் எதால்?

நம் சமையலறைக்கு நான் முதலில் சொல்வது சூடு. பெரும்பாலும் எவர்சில்வர் புழங்கும் வீட்டில் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கழுவிய பொருளை முழுக்க மூழ்கப் போட்டு, மூடி, இடுக்கியால் எடுத்தால் வேலை முடிந்தது. தெர்மாமீட்டர் தேவையில்லை. கொதித்தால் 77-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அதுவும் தாராளம். எச்சம் இல்லை, வாசம் இல்லை, அளவு தப்பும் பயம் இல்லை. இட்லிப் பானை இருந்தால் ஆவியிலேயே செய்யலாம். தட்டில் சிறு கிண்ணமும் ஸ்பூனும் பரப்பி, மூடி போட்டு, ஆவி நன்றாக வந்ததிலிருந்து பத்து நிமிடம் விடுங்கள். கடையில் விற்கும் ஸ்டெரிலைசர் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான்.

ஒரு எச்சரிக்கை உண்டு. கெட்டிலில் இருந்து தட்டின் மேல் கொதிநீரை ஒரு வீச்சு ஊற்றிவிட்டால் கிருமி நீங்கிவிடாது. தண்ணீர் ஒரு நொடியில் வழிந்து போய்விடும்; குளிர்ந்த கனமான பாத்திரம் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சூடும் நேரமும் சேர்ந்தால்தான் பலன். பெரிய பாத்திரம் என்றால் விளிம்பு வரை கொதிநீர் நிரப்பி மூடிவைத்து, கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டுங்கள்.

குளோரின் அடுத்தது. சூடு தாங்காத பிளாஸ்டிக் பலகைக்கும், தூக்க முடியாத சிங்க்குக்கும், வெள்ளம் வந்த வீட்டுக்கும் இதுதான் வழி. 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள, வாசனை சேர்க்காத திரவம் என்றால் 4 லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. போதும். பிளீச்சிங் பவுடர் என்றால் 3 லிட்டருக்கு 1 கிராம். கலக்கித் தெளியவிட்டு மேல் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஏறக்குறைய பத்து லட்சத்துக்கு 100 பங்கு குளோரின் கிடைக்கும். பாத்திரம் இரண்டு நிமிடம் மூழ்கியிருக்க வேண்டும். பவுடர் பழசாக ஆக ஆக வீரியம் இழக்கும். திறந்த பாக்கெட்டில் ஆறு மாதம் கிடந்த பவுடரை நம்பி அளக்காதீர்கள். கலக்கிய தண்ணீரையும் மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

குளோரின் எனக்கு இரண்டாம் இடத்தில் இருக்கக் காரணங்கள் உண்டு. ஊறவைத்து மறந்துவிட்டால் எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். பித்தளையும் அலுமினியமும் வெள்ளியும் நிறம் கெடும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து கலப்பது. பித்தளைக்குப் போடும் புளி, எலுமிச்சை, வினிகர், கழிவறைக்கு ஊற்றும் ஆசிட், இவற்றில் எது பிளீச்சோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். ஜன்னல் இல்லாத சின்னச் சமையலறையில் அது மூச்சைப் பிடித்துவிடும். உங்கள் வீட்டில் வேலை செய்பவர்தான் பாத்திரம் தேய்க்கிறார் என்றால், எதோடு எதைக் கலக்கக்கூடாது என்று அவரிடம் நேராக உட்கார்ந்து சொல்லுங்கள். கையுறையும் வாங்கிக் கொடுங்கள். நாலு வீட்டுச் சோப்பும் பவுடரும் தின்று விரலிடுக்கு வெடித்த கைகள் அவை.

டிஷ்வாஷர் நல்ல கருவி. கை தாங்காத சூட்டை அது தாங்கும், அதுதான் அதன் உண்மையான பலம். குழாயைத் திறந்தே வைத்துத் தேய்ப்பவர்களைவிடத் தண்ணீரும் குறைவாகவே எடுக்கும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னைவாசிகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் எல்லா ஓட்டமும் கிருமி நீக்காது. வீட்டு டிஷ்வாஷருக்கான அமெரிக்கத் தரநிலை, கடைசி அலசல் குறைந்தது 66 டிகிரிக்குப் போக வேண்டும் என்கிறது. மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஓட்டத்தில் சூடு அதற்குக் கீழேயே நின்றுவிடும். அலுமினியக் குக்கர் அதில் கறுக்கும், பித்தளை மங்கும், இரும்பு தோசைக்கல் பழக்கிய எண்ணெய்ப் பதத்தை இழக்கும், மரக்கரண்டி வெடிக்கும். உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால், அந்தக் கடினத் தண்ணீரை மென்மையாக்க மெஷினுக்கான உப்பைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கிருமிக்குப் பயந்து மட்டும் அதை வாங்க வேண்டாம். நேரத்துக்காகவும் இடுப்பு வலிக்காகவும் வாங்குவதென்றால் தாராளமாக வாங்கலாம்.

ஆன்ட்டி பாக்டீரியல் என்று அச்சடித்த டிஷ்வாஷ் பாருக்குக் கூடுதல் காசு கொடுக்க நான் காரணம் காணவில்லை. பாத்திரத்தின் மேல் அது நிற்கும் நேரம் சில வினாடிகள்தான், அதற்குள் அலசிவிடுகிறீர்கள். கைகழுவும் சோப்புகளில் டிரைக்குளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருள்களை 2016-இல் எஃப்.டி.ஏ. தடை செய்தது. சாதாரண சோப்பைவிட அவை மேல் என்பதற்கு உற்பத்தியாளர்கள் சான்று தரவில்லை என்பதே காரணம்.

யாருக்காக இந்தக் கூடுதல் படி?

பிறந்து இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தை ஆகியோரின் பால் புட்டியை நாளுக்கு ஒரு தடவையாவது கிருமி நீக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யின் அறிவுரை. ஒவ்வொரு தடவையும் பிரித்துக் கழுவ வேண்டும். நிப்பிள், வளையம், வால்வு எல்லாம் தனித்தனியாக. பிறகு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுக் காற்றில் காயவைக்க வேண்டும். இங்கே பாட்டி சொல்வதுதான் சரி. ஆனால் என்னைக் கேட்டால், முடிந்தவர்கள் புட்டியை விட்டுவிட்டுப் பாலாடைக்கு வரலாம். வளையமும் இல்லை, துளையும் இல்லை. மூக்கு நீண்ட திறந்த கிண்ணம். விரல் போகாத மூலையே அதில் கிடையாது, கொதிநீரில் போட்டு எடுத்தால் முடிந்தது. தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டியிருந்தால் குழந்தை மருத்துவர்களும் பாலாடையைத்தான் காட்டிக் கொடுக்கிறார்கள். பால் புட்டி விளம்பரத்தை 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்த நாடு இது.

கீமோதெரபி எடுப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் வீட்டில் இருந்தால் அவருடைய தட்டு, டம்ளரையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்கு வாந்தி பேதி வந்தால் அவர் தேறும்வரையும், தேறிய பிறகு சில நாளும் அவர் பாத்திரங்களைக் கொதிநீரில் போடுங்கள். மஞ்சள் காமாலையில் தண்ணீர், உணவு வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ வகைக்கு இது இன்னும் அவசியம். அந்த வைரஸ் சாமானியச் சூட்டுக்கு அசையாது; 85 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கவலை இல்லை.

காசநோய் வந்தவருக்குத் தனித் தட்டு வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. காசநோய் காற்றில் பரவுகிறது. தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை. ஹெச்.ஐ.வி.யும் அப்படிப் பரவாது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிடும் ஒரு மனிதரைத் தனிக் கிண்ணத்தோடு மூலையில் உட்கார வைப்பதில் மருத்துவம் ஒன்றும் இல்லை, காயம் மட்டுமே உண்டு. வீட்டு வேலை செய்பவருக்கு அலமாரியின் கீழ்த்தட்டில் தனி டம்ளர் ஒதுக்கிவிட்டுச் சுத்தம் என்று பெயர் சொல்வதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் கையால் தேய்த்த தட்டில்தான் அந்த வீடு மூன்று வேளையும் சாப்பிடுகிறது. இரட்டைக் குவளைக்குக் கிருமியியலில் இடமே இல்லை.

எல்லாவற்றையும் எல்லா நாளும் கிருமி நீக்கிவிட்டால் இன்னும் பாதுகாப்புதானே என்று கேட்பவர்கள் உண்டு. கழுவிக் காய்ந்த தட்டில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் நம் வாயிலும் தோலிலும் காற்றிலும் இருப்பவையே. அலமாரியில் வைத்த அரை மணியில் அவை திரும்பவும் வந்து உட்காரும். ஸ்வீடனில் ஆயிரத்துச் சொச்சம் பள்ளிக் குழந்தைகளை வைத்து 2015-இல் வெளியான ஆய்வில், கையால் பாத்திரம் கழுவும் வீட்டுக் குழந்தைகளிடம் எக்ஸிமா என்ற ஒவ்வாமைத் தோல் நோய் 23 சதவீதம், மெஷின் வைத்திருந்த வீடுகளில் 38 சதவீதம். கையால் கழுவியதுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது; அந்த வீடுகளில் வேறு பழக்கங்களும் வேறாக இருந்திருக்கும். ஆனாலும் நலமாக இருக்கும் வீட்டில் தினமும் கேஸும் தண்ணீரும் செலவழித்து எல்லாத் தட்டையும் கொதிக்க வைப்பதால் லாபம் உண்டு என்று காட்டும் எதையும் நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் கிருமி நீக்கியே தீர வேண்டிய நாள் ஒன்று உண்டு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் வீட்டுக்குள் வந்தது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை, சாக்கடையும் சேர்ந்தே வந்தது. அந்தத் தண்ணீர் தொட்ட பாத்திரத்துக்கு மேலே சொன்ன கேள்வி எதுவும் பொருந்தாது. மண் போக அலசுங்கள், சோப்பில் தேய்த்துக் கழுவுங்கள், பிறகு கொதிநீரிலோ குளோரினிலோ போடுங்கள். குழாயில் வரும் தண்ணீரும் அந்த வாரம் நம்பக் கூடியது இல்லை. ஆகவே கடைசி அலசலுக்குக் காய்ச்சிய தண்ணீர் அல்லது குளோரின் தண்ணீர்தான். குளோரின் தண்ணீரில் எடுத்ததைக் குழாயில் மறுபடி அலசாமல் அப்படியே காயவிடுங்கள். மரக்கரண்டி, பூரிக்கட்டை, மரப்பலகை, பால் புட்டி நிப்பிள், டிபன் பாக்ஸ் ரப்பர் ஆகியவற்றைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அவை உறிஞ்சிக்கொண்டதை வெளியே எடுக்க முடியாது. குக்கரை மறுபடி அடுப்பில் ஏற்றுமுன் கேஸ்கட்டைப் புதிதாக மாற்றி, வெயிட் உட்காரும் குழாயில் சேறு அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.